டாக்டர் புர்ஹானுத்தீன்: பேரா தந்த தலைவரும் நம் கேள்வியும்

நம் சங்கம் பொன்விழாக் காணும் இவ்வேளையில், பேராவில் பிறந்து பேராவிலேயே மறைந்த ஒரு தலைவரை நினைவுகூர விரும்புகிறோம். பாஸ் கட்சியை 1956 முதல் 1969 வரை வழிநடத்திய டாக்டர் புர்ஹானுத்தீன் அல்-ஹெல்மி அவர். அவருடைய வாழ்க்கையில் நம் சமுதாயத்தின் கேள்வி ஒன்றும் அடங்கியிருக்கிறது.

1911இல் கிந்தா மாவட்டத்தின் சங்காட் துவாலாங் கம்பத்தில் பிறந்தார். தந்தை சுமத்திராவின் மினாங்கபாவ் வழியினர். தாய்வழியில் அரபுக் கலப்பு. நம்மைப் போலவே கடல் கடந்து வந்தோரின் வாரிசுதான். டில்லி சென்று ஹோமியோபதி மருத்துவம் கற்றதால் 'டாக்டர்' ஆனார். திரும்பி வந்து சிங்கப்பூர் அல்ஜுனைட் மத்ரஸாவில் அரபு மொழி போதித்தார்.

அவருடைய அரசியல் வாழ்வு நம் ஈப்போவில் வேர்விட்டது. ஜப்பானியர் சரணடைந்த சில வாரங்களில், 1945 அக்டோபரில், மலாய் தேசியக் கட்சி ஈப்போவில் தோன்றியது. விரைவில் அதன் தலைமை அவரிடம் வந்தது. 1947இல் அக்கட்சி, ம.இ.கா. உள்ளிட்ட பிற இன அமைப்புகளுடன் கைகோர்த்து, மக்கள் அரசியலமைப்பு ஒன்றை முன்வைத்தது. ஆங்கில அரசு அதை ஏற்க மறுத்ததால், 1947 அக்டோபர் 20ஆம் நாள் மலாயா முழுதும் கடையடைப்பு நடந்தது.

அந்தத் திட்டத்தில் ஒரு பகுதியை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். இந்நாட்டைத் தாயகமாக ஏற்கும் எல்லாருக்கும் 'மெலாயு' என்ற ஒரே தேசியப் பெயர். அப்பெயருக்கு மதச் சார்பு கிடையாது. தமிழரும் சீனரும் தம் சமயத்தை விடாமலே 'மெலாயு' ஆகலாம் என்பது இதன் பொருள். இரத்தத்தைப் பார்க்காமல் விசுவாசத்தைப் பார்த்த கதவு அது.

1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் வந்தது. அந்தக் கூட்டணியும் கலைந்தது. 1950இல் சிங்கப்பூரில் நத்ரா விவகாரம் வெடித்தது. போராட்டக் குழுவின் தலைவர் கரீம் கனி, தமிழ்நாட்டுப் பின்னணி கொண்ட முஸ்லிம். நேதாஜியின் ஆஸாத் ஹிந்த் அரசில் ஆலோசகராக இருந்தவர். டிசம்பர் கலவரத்தில் 18 பேர் உயிரிழந்தனர். கரீம் கனியும் புர்ஹானுத்தீனும் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர்.

1955 தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. மீதி ஒன்றைப் பாஸ் பெற்றது. அந்தத் தொகுதி நம் பேராவின் கிரியான்தான். மறு ஆண்டு புர்ஹானுத்தீன் கட்சித் தலைவரானார். 1959இல் கட்சி 13 நாடாளுமன்ற இடங்களுடன் கிளந்தானையும் திரங்கானுவையும் கைப்பற்றியது. அவரும் பெசுட்டில் வென்றார். ஒரு கம்பெனிச் சட்ட வழக்கின் தண்டனையால் 1964இல் போட்டியிட முடியவில்லை. 1965 ஜனவரியில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கைதானார். மறு ஆண்டு விடுதலையானபோது உடல் நலிந்திருந்தது. 1969 அக்டோபர் 25ஆம் நாள் தைப்பிங்கில் வஃபாத்தானார்.

புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. அவர் தலைமை தாங்கிய பாஸ், மலாய்க்காரரே மண்ணின் உரிமையாளர் என்றது. மற்றவர்க்குக் குடியுரிமையை எளிதில் வழங்குவதை எதிர்த்தது. 1947இன் அகன்ற கதவு குறுகிவிட்டது. குடியுரிமை கிடைக்காமையின் வலியைத் தோட்டங்கள் அறியும். 1969க்குப் பின் வேலை அனுமதி முறை வந்தபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர் பலர் கப்பலேறினர். சைக்கிளில் துணி மூட்டை கட்டித் தோட்டம் தோட்டமாகச் சென்று வியாபாரம் செய்த நம் பெரியவர்கள், கடன் புத்தகத்தில் பெயர் இருந்தும் லயத்தில் ஆள் இல்லாத வீடுகளைப் பார்த்துத் திரும்பியதாகச் சொல்வார்கள்.

இன்று கூட்டரசு அரசியலமைப்பின் 160ஆம் விதி, இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்கங்களைக் கைக்கொள்பவரை, பிறப்பிட வசிப்பிட நிபந்தனைகளுடன், மலாய்க்காரர் என்கிறது. நாமோ வீட்டில் தமிழ், கடையில் மலாய், பள்ளிவாசலில் எல்லாரோடும் ஒரே சஃப். பாலிடெக்னிக்கில் சேரப் படிவம் நிரப்பிய அன்றும், பின்னர் கடை உரிமத்துக்கு விண்ணப்பித்த அன்றும், 'இனம்' என்ற கட்டத்தில் நம் பேனா சற்று நின்றது. தமிழை விட்டால்தான் முழுமையாக ஏற்கப்படுவோமா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

ஈப்போ பாடாங் அருகே 1908இல் எழுந்த இந்திய முஸ்லிம் பள்ளிவாசல், நாம் நேற்று வந்தவர்கள் அல்லர் என்பதற்குச் சாட்சி. மினாங்கபாவ் வழிவந்தவரின் மகன் ஒரு தலைமுறையில் மண்ணின் மைந்தனாக முடிந்தது. பல தலைமுறை வாழ்ந்த நமக்கு அது ஏன் கடினமாக இருக்கிறது? இதைக் கோபமின்றி, மலாய் மொழியிலும் தமிழிலும் தெளிவாகக் கேட்கக்கூடிய பிள்ளைகளை உருவாக்குவதே நம் சங்கத்தின் அடுத்த ஐம்பது ஆண்டுப் பணியாக இருக்கட்டும்.

அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்செயல்களை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.