உச்சவரம்பும் ஒற்றை மனையும்: சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு சட்டத்தின் வரலாறு

நிலத்தைப் பலருக்கும் பங்கிட வேண்டும் என்ற நோக்கில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், அப்பங்கைப் பெற வேண்டியவரின் வாசலிலேயே வழக்காக வந்து நின்ற வரலாறு சென்னையின் மேற்குப் புறநகருக்கு உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் பூந்தமல்லி ஆகிய வட்டாரங்களில் மனை வாங்கி வீடு கட்டியோர் பலருக்கு, 'நகர்ப்புற நில உச்சவரம்பு' என்ற சொல், அச்சட்டம் நீக்கப்பட்டுக் கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் கலக்கம் தருவதாகவே உள்ளது. அச்சட்டம் யாரை நோக்கிப் பிறந்தது, யார்மீது சென்று விழுந்தது என்பதை இக்கட்டுரையில் நாம் ஆராய்வோம்.

1955 ஜனவரியில், யு. என். தேபர் தலைமையில் இந்திய தேசியக் காங்கிரசின் மாநாடு ஆவடியில் கூடியது. சமதர்மப் பாங்கான சமுதாயத்தை அமைப்பதே நாட்டின் குறிக்கோள் என்ற புகழ்பெற்ற தீர்மானம் அங்குதான் நிறைவேறியது. அடுத்த சில ஆண்டுகளில் அவ்வட்டாரத்தின் தோற்றமே மாறிற்று. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1960களின் நடுவில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த கிராமங்களைத் தேடித் தொழிலாளரும் எழுத்தரும் குடிவந்தனர். வயல்கள் மனைகளாயின, நிலத்தின் விலை ஏறியது.

இவ்விலையேற்றம் நாடு முழுவதும் நிகழ்ந்ததே. நகர நிலம் சிலர் கையில் குவிவதையும், அதை முடக்கி வைத்து இலாபம் ஈட்டுவதையும் தடுக்க 1976இல் நாடாளுமன்றம் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தை இயற்றியது. பதினொரு மாநிலங்களின் தீர்மானத்தை அடிப்படையாகக் கொண்ட அச்சட்டத்தில் தமிழகம் சேரவில்லை. தமிழகம் தனக்கெனத் தனிச் சட்டத்தை 1978இல் நிறைவேற்றி, அது 3.8.1976 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்பட வேண்டும் எனவும் விதித்தது. ஆவடித் தீர்மானத்தின் கருத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆவடி மண்ணையே அளக்க வந்தது எனலாம்.

சட்டம் இயங்கிய முறையை அறிந்தால்தான் பின்வந்த இடர்ப்பாடு விளங்கும். வரம்புக்கு மேல் காலிநிலம் உடையவர் அரசுக்குக் கணக்குத் தர வேண்டும். உரிய அதிகாரி அதனை ஆராய்ந்து, உபரி எவ்வளவு என வரையறுத்து அறிவிக்கை வெளியிடுவார். அதன்பின் அந்நிலம் அரசைச் சார்ந்ததாக அரசிதழில் விளம்பப்படும். முப்பது நாட்களுக்குள் சுவாதீனத்தை ஒப்படைக்குமாறு அறிவிப்பு அனுப்பப்படும்; ஒப்படைக்கத் தவறினால் அரசே வலிந்து எடுத்துக்கொள்ளலாம். இடைக்காலத்தில் உபரி நிலத்தை விற்பதற்குத் தடை இருந்தது. தடையை மீறிய கிரயம் செல்லாது.

ஆனால் விற்பனை நிற்கவில்லை. பெருநிலக்காரர் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்க, முகவர் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றார். வாங்கியவர் தம் அறிவுக்கு எட்டியவரை எச்சரிக்கையுடனேயே நடந்துகொண்டார். மூலப் பத்திரத்தைப் பார்த்தார், வில்லங்கச் சான்று பெற்றார். வில்லங்கச் சான்றோ பதிவு அலுவலகத்தில் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும் இயல்புடையது. உச்சவரம்பு நடவடிக்கையோ நகர்ப்புற நில வரி அலுவலகத்தின் கோப்பிலும் அரசிதழின் பக்கங்களிலும் உறங்கியது. அறிவிப்புகள் பதிவேட்டிலிருந்த பழைய உரிமையாளரின் பெயருக்கே சென்றன. மனையில் குடியிருந்தவர் பெயர் அங்கு இல்லை. பின்னொரு நாள் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தபோதோ, வங்கிக் கடன் கேட்டபோதோதான், தம் வீடு நிற்கும் சர்வே எண்ணில் 'அரசு நிலம்' என எழுதப்பட்டிருப்பதை அவர் அறிந்தார்.

இத்தகையோரின் நிலையை அரசும் உணர்ந்தது. விவரம் அறியாது வாங்கியோருக்கு நிவாரணம் தரும் வகையில் 1998இல் அரசாணை ஒன்று பிறந்தது. மறு ஆண்டு, மத்தியச் சட்டம் நீக்கப்பட்டதை அடுத்து, தமிழகச் சட்டமும் 16.6.1999 முதல் நீக்கப்பட்டது. நீக்கச் சட்டம் ஓர் எல்லைக்கோட்டை வரைந்தது. அந்நாளுக்கு முன் அரசு சுவாதீனம் எடுத்திருந்தால் நிலம் அரசுக்கே உரியது. எடுத்திராவிட்டால் நடவடிக்கை முழுவதும் அற்றுப்போகும். இங்ஙனம் ஆயிரக்கணக்கான சதுர அடிகளின் தலைவிதி 'சுவாதீனம்' என்ற ஒற்றைச் சொல்லின் பொருளைச் சார்ந்து நின்றது.

அச்சொல்லின் பொருள் யாது? அலுவலர் ஒருவர் மகசர் எழுதிக் கோப்பில் சேர்த்தால் போதுமா? அன்றி நிலம் மெய்யாகவே கைமாற வேண்டுமா? இவ்வினா நம் வாசகர்களுக்குப் புதிதன்று. இஸ்லாமியச் சட்டவியலில் ஹிபா எனும் நன்கொடை, கொடுப்பவர் கூற்றாலும் பெறுபவர் ஏற்பாலும் மட்டும் முழுமை அடைவதில்லை. பொருள் கைவசம் ஒப்படைக்கப்படவும் வேண்டும். இதனைக் 'கப்ள்' என நம் சட்ட அறிஞர்கள் வழங்குவர். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், நன்கொடை பற்றிய தன் விதிகள் முஸ்லிம் சட்டத்தைப் பாதிக்கா என 129ஆம் பிரிவில் ஏற்றுக்கொண்டுள்ளது. உரிமை வேறு, கைவசம் வேறு என்ற இப்பகுப்பே உச்சவரம்பு வழக்குகளிலும் மையமாயிற்று.

உத்தரப் பிரதேச அரசுக்கும் ஹரி ராம் என்பாருக்கும் இடையிலான வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், மத்தியச் சட்டத்தின்படி நிலம் அரசைச் சார்ந்ததாக விளம்பப்படுவது மட்டுமே மெய்யான சுவாதீனம் ஆகாது எனத் தெளிவுபடுத்தியது. தமிழகச் சட்டத்தின் அமைப்பும் அதனை ஒத்ததே. ஆயினும் 2014இல் அசாம் மாநில வழக்கொன்றில் அதே நீதிமன்றம், அறிவிப்பு முறையாகத் தரப்படவில்லை என்ற குறையை உரிய காலத்தில் எழுப்பாது நெடுங்காலம் வாளாவிருந்தவருக்கு உதவ மறுத்தது. எனவே தீர்ப்பு அந்தந்த மனையின் கோப்பையும், மின்கட்டண, வீட்டுவரி இரசீதுகளையும், தாமதத்தின் காரணத்தையும் பொறுத்ததாயிற்று. வழக்காடும் வசதியுள்ள பெருநிலக்காரருக்கு இது ஏற்றது. ஒற்றை மனை வைத்திருப்பவருக்கோ பெரும் சுமை. 2008இல் மீண்டும் ஓர் அரசாணை வழியே, விவரம் அறியாது வாங்கியோர் பணம் செலுத்தி வரன்முறை செய்துகொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது. முன்பே விலை கொடுத்தவர் மீண்டும் விலை கொடுக்க வேண்டியதாயிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வரலாறு அத்துடன் முடியவில்லை. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2017இல் அரசு வரன்முறை விதிகளை வகுத்ததும் அதன் தொடர்ச்சியே. ஏரியையும் விளைநிலத்தையும் காப்பதற்கு அத்தடை தேவையானதே. எனினும் மனைப்பிரிவு போட்டு விற்றவர் பணத்துடன் அகன்றபின், வரன்முறைக்காக அலைந்தவர் பெரும்பாலும் வாங்கியவரே.

உச்சவரம்பின் நோக்கம் பிழையன்று. நகர நிலம் சிலர் கையில் குவிவது நீதியன்று என்ற கருத்து இன்றும் வலுவுடையது. பிழை, சட்டம் தன் செய்தியை யாரிடம் சொன்னது என்பதில் இருந்தது. ஒரு துறை அறிந்ததை மறு துறை அறியாதிருக்க, அவ்விடைவெளியில் எளியவரின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. ஆதலின் இவ்வட்டாரத்தில் பழைய மனை வாங்க விழைவோர் வில்லங்கச் சான்றுடன் நின்றுவிடாமல், பட்டாவையும், உச்சவரம்பு நடவடிக்கை ஏதும் இருந்ததா என்பதையும் வருவாய்த் துறையில் உசாவி அறிதல் வேண்டும். பதிவு அலுவலகமும் வருவாய்க் கோப்பும் ஒன்றையொன்று காணும்படி செய்வதோ அரசின் கடமை. அக்கடமை நிறைவேறும்வரை, நல்ல நோக்குடைய எந்த நிலச் சட்டமும் தன் சுமையை ஒற்றை மனைக்காரர் தோளிலேயே இறக்கி வைக்கும்.