இரவெல்லாம் எரியும் விளக்கு

கரிசற்காட்டுச் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தொழில் பயின்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும், 1923ஆம் ஆண்டளவில் திரும்பிவந்து தீப்பெட்டித் தொழிலை ஊன்றினர். மழை பொய்த்த மண்ணில் அது சோறிட்டது, வீடுதோறும் வேர்விட்டது. வாழ்வுக்குப் பயன்படும் புதுமை வாயிற்படிக்கே வருமானால் மக்கள் அதனை வெறுப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆனால் அதே வீடுகளில் பிள்ளைப்பேறு மட்டும் ஏன் இருட்டறையிலேயே நடந்துவந்தது? 'தீட்டு' என்றனர்; தாயை மூலையில் ஒதுக்கினர். பேறு பார்க்க வந்த மருத்துவச்சியையும் 'தாழ்ந்த குலம்' என்று ஒதுக்கினர். அவள் கைத்திறன் வேண்டும், அவள் கை மட்டும் தீட்டு! தாய் மாண்டால் 'தலைவிதி' என்று கூறிக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டனர்.

சட்டமும் திட்டமும் இல்லாமலா இருந்தன? 1939இலேயே சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் கண்டது. 1946இல் போர் குழு, சிற்றூர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் தேவை என்று அறிவுறுத்தியது. 1952 முதல் அவை எழும்பின. கட்டடம் எழுந்தது, பழக்கம் எழவில்லை. வலி கண்டதோ நள்ளிரவு. நிலையத்தின் கதவிலோ பூட்டு! பூட்டிய கதவைக் கண்டு திரும்பியவளை 'பழமைவாதி' என்று பழிப்பது அறிவாகுமா?

பூட்டு எப்படித் திறந்தது? ஊர்தோறும் கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகச் சென்று கருவுற்ற பெண்ணின் பெயரைப் பதிந்தார். 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகள் தடையின்றிக் கிடைக்க வழிசெய்தது. நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்று அமர்த்தி, முறைவைத்துப் பணியாற்றச் செய்ததால் இரவிலும் விளக்கெரிந்தது. பேறுகால அறையில் உறவுப்பெண் ஒருத்தி உடனிருக்கவும் இடம் கிடைத்தது. மாண்ட தாயின் கதை விதியின் கணக்கில் எழுதப்படாமல், காரணம் கேட்கும் தணிக்கைக்கு வந்தது.

தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய மருத்துவர் முத்துலட்சுமி அம்மையாரின் பெயரால் பேறுகால உதவித்தொகையும் வந்தது. 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000. இதனைப் பிச்சை என்பாரும் உளர். தீப்பெட்டி ஆலையில் எண்ணிக்கைக்குக் கூலி பெறும் பெண்ணைக் கேளுங்கள்! ஒருநாள் பரிசோதனைக்குப் போனால் ஒருநாள் கூலி போயிற்று. அறிவுரை அவள் அடுப்பை எரிக்காது. இழந்த கூலிக்கு ஈடு தருவது உரிமை, பிச்சை அன்று.

இன்னொன்றும் நடந்தது. சுகாதார நிலையங்களிலேயே வளைகாப்பு நடத்தினர். "சடங்கை வளர்ப்பதா?" என்று தோழர்கள் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். கைம்பெண்ணை விலக்கி, சாதிக்கொரு பந்தி வைத்த வளைகாப்பு வேறு. எல்லாச் சாதிப் பெண்களையும் ஒரே வரிசையில் அமர்த்தி, இரத்தத்தைச் சோதித்து, இரும்புச்சத்து மாத்திரை தரும் வளைகாப்பு வேறு. நஞ்சு நீங்கியது, அன்பு நின்றது. வீட்டை விட்டு வர அஞ்சியவள், வளையல் குலுங்க வந்து பேறுகால அறையைப் பார்த்துச் சென்றாள். பிறகு அவ்வறை அவளுக்கு அயலிடம் அல்ல.

பயன் என்ன? தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பேறுகள் 1998–99இல் நூற்றுக்கு 79. 2019–21இல் ஏறத்தாழ நூற்றுக்கு நூறு. இலட்சம் பிறப்புக்கு 134 தாய்மாரை 2001–03இல் இழந்த மாநிலம், 2018–20இல் 54 பேரை இழந்தது. அந்த 54 பேரும் நம் உடன்பிறந்தார் என்பதை மறவோம்!

வெற்றி முழக்கத்தோடு உறங்கிவிடலாமோ? 2018இல் திருப்பூரில், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பேறு பார்க்க முயன்றதில் ஓர் இளந்தாய் உயிரிழந்தார். பழைய இருட்டு, புதிய கருவியேறி வருகிறது. படிப்பு மட்டுமே பகுத்தறிவு ஆகிவிடாது!

ஆகவே இளைஞர்களே! மூடத்தனத்தை மேடையில் சாடினால் மட்டும் போதாது. உங்கள் ஊர் நிலையத்தில் இரவில் செவிலியர் உண்டா, மருந்து உண்டா, வருகிறவளுக்கு மரியாதை உண்டா என்று கேளுங்கள். பழக்கத்தைப் பழித்து விரட்ட முடியாது. அதைவிட நல்லதொன்றை நாள்தோறும், இரவுதோறும் தவறாமல் தந்தே மாற்ற முடியும்.