கொதிக்கும் கடலோரத்து நொதிகள்

சிசிலிக்கு வடக்கே இருக்கும் வுல்கானோ தீவின் கரையில், அலை வந்து தொடும் இடத்திலேயே தரை கொதிக்கிறது. ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஸ்டெட்டர் உயிரைத் தேடிப் போனது அங்கேதான். அந்தச் சூடான வண்டலிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர் ஒன்றை அவரும் கெர்ஹார்ட் ஃபியாலாவும் 1986இல் அறிவித்தார்கள். பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸ் என்று பெயர். நீர் கொதிக்கும் 100 டிகிரி செல்சியஸில்தான் அது செழிக்கும். 37 நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும்.

அதே காலத்தில், டி.என்.ஏ.வைப் பன்மடங்கு நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறை பரிசோதனைக்கூடங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ.வை ஏறக்குறைய 95 டிகிரிவரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கி நகலெடுக்க, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கிடைத்த பாக்டீரியாவின் டாக் பாலிமரேஸ் என்ற நொதி கைகொடுத்தது. ஆனால் தான் செய்த பிழையைத் திருத்த அதற்குத் தெரியாது. கிருமி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அதுவே போதும். நோயாளியின் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசிக்கும்போது மட்டும் சங்கடம்: நகலெடுப்பில் நேர்ந்த பிழையை நோயின் அடையாளமென்று எண்ணிவிட இடமுண்டு.

இங்கேதான் கடல் உதவியது. பைரோகாக்கஸின் பாலிமரேஸ் தவறான எழுத்தைக் கண்டால் பின்வாங்கி, அதை வெட்டியெறிந்துவிட்டுச் சரியானதைச் சேர்க்கும். பி.சி.ஆரில் அதன் துல்லியத்தைக் காட்டும் ஆய்வு 1991இல் வெளிவந்தது. 1996இல் அளந்து பார்த்தபோது, டாக்கின் பிழை விகிதத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் இதற்கு இருந்தது. நேப்பிள்ஸ் அருகே லுக்ரீனோ கடற்கரையில் கிடைத்த தெர்மோகாக்கஸ் லிட்டோராலிஸும் இத்தகைய நொதி ஒன்றைத் தந்தது.

துல்லியம் கிடைத்தது, வேகம் குறைந்தது. அந்தக் குறையை ஈடுசெய்தது ஜப்பானின் ககோஷிமா பகுதியிலுள்ள கொடகரா தீவு. அங்கே ததயுகி இமானகா குழுவினர் கண்டெடுத்த நுண்ணுயிரின் கே.ஓ.டி. பாலிமரேஸ், பைரோகாக்கஸின் நொதியைவிடச் சுமார் ஐந்து மடங்கு விரைவாக நகலெடுத்தது.

மருத்துவப் பரிசோதனைக்கு இன்னொரு தடை இருந்தது. முந்தைய சோதனையின் நகல் துளியளவு காற்றில் கலந்து அடுத்த குழாயில் விழுந்தாலே போதும், நோயில்லாதவருக்கு நோய் என்று முடிவு வந்துவிடும். அதனால் நகல்களில் தைமினுக்குப் பதில் யுராசிலைச் சேர்த்துவிடுவார்கள். அடுத்த சோதனைக்கு முன் யுராசில் உள்ளதையெல்லாம் வேறொரு நொதியால் சிதைத்துவிட்டால், பழைய நகல் பெருகாது. அருமையான தற்காப்பு! ஆனால் ஆர்க்கியா எனப்படும் இந்தக் கடலோர நுண்ணுயிர்களின் பாலிமரேஸ்கள் யுராசிலைக் கண்டதும் நின்றுவிடும். நகலெடுக்க வேண்டிய இழையில் நான்கு எழுத்து முன்னதாகவே அவை அதை உணர்ந்துவிடுகின்றன என்பதை 1999இல் பெர்னார்ட் கானலி உள்ளிட்ட பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கொதிநீரில் வாழும் உயிருக்கு அது அவசியமான எச்சரிக்கை. சூட்டில் சைட்டோசின் சிதைந்து யுராசிலாகும். அதை அப்படியே நகலெடுத்தால் மரபுச் செய்தி மாறிப்போகும்.

2002இல் கானலியின் குழு பைரோகாக்கஸ் நொதியின் 93ஆவது இடத்திலிருந்த வேலின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றியது. அதன்பின் யுராசில் உள்ள இழையையும் அது தயங்காமல் நகலெடுத்தது.