உப்பைக் கேட்கத் தெரிந்தபோது

தொழிலில் மாற்றம் வேண்டி ஆலோசகரிடம் வரும் முதலாளிகள் பெரும்பாலும் எந்தத் தொல்லை ஒழிய வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். அது ஒழிந்தபின் தொழில் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதற்கு ஓர் ஊரே விலை கொடுத்த கதை திருப்பூர் சாயப்பட்டறைகளுடையது. வெள்ளை பனியன் காலத்தில் பிளீச்சிங் போதுமாக இருந்தது. 1980களில் ஏற்றுமதி வளர்ந்து வண்ண டி-சர்ட் ஆர்டர்கள் குவிந்ததும் சாயத்தோடு உப்பும் வந்து சேர்ந்தது. ரியாக்டிவ் சாயம் பருத்தியில் பிடிக்க உப்பு வேண்டும். அடர்நிறம் என்றால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை. சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கும். உப்பு தங்காது, அலசும் தண்ணீரோடு நொய்யல் ஆற்றுக்குப் போய்விடும்.

அன்று பட்டறைகளுக்குத் தெரிந்த தொல்லை நிறம் மட்டுமே. 1990களின் பிற்பகுதியில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு சல்ஃபேட்டும் போட்டு நிறத்தை எடுத்தன. தண்ணீர் தெளிந்தது, உப்பு அப்படியே இருந்தது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகிப் போனது, கிணறுகள் உப்பேறின. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போதும் கழிவைக் கடலுக்குக் குழாய்வழி அனுப்பும் கோரிக்கை ஓயவில்லை. 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய ஆலைகளையும் மூட நீதிமன்ற உத்தரவு வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்டவை நின்றன.

மாற்றத்தைக் கொண்டுவந்தது கோர்ட்டுதானே என்று கேட்கலாம். கோர்ட்டு இல்லாமல் நடந்திருக்காது, உண்மை. ஆனால் 2006 தீர்ப்புக்குப் பிறகும் நான்கு ஆண்டுக்கு மேல் வழி பிறக்கவில்லையே. ஆர்.ஓ. (எதிர் சவ்வூடு பரவல்) இயந்திரம் வைத்துக் கழிவிலிருந்து நல்ல தண்ணீரை மீட்டார்கள். மிஞ்சிய உப்புக்கரைசலை முழுக்கக் காய்ச்சிக் கட்டியாக்குவதில்தான் எவாப்பரேட்டர்கள் திணறின. அருள்புரம் சுத்திகரிப்பு நிலையத்தில் தமிழ்நாடு வாட்டர் இன்வெஸ்ட்மென்ட் கம்பெனியின் பொறியாளர்கள் பிரச்சினையைத் திருப்பிப் போட்டார்கள். சாயம் போடுகிறவருக்கு எப்படியும் உப்புக்கரைசல் தேவை. அதைச் சுத்தம் செய்து அவரிடமே கொடுத்தால் காய்ச்ச வேண்டியது குறையும். இதற்கு இயந்திரம் மட்டும் போதாது. ஒருவர் சாதா உப்பும் இன்னொருவர் சோடியம் சல்ஃபேட்டும் போட்டால் திரும்பி வரும் கலவையை நம்பி யாராலும் ஷேடு பிடிக்க முடியாது. நேற்றுவரை ஒருவருக்கொருவர் போட்டியாக இருந்தவர்கள் உப்பில் ஒரே முடிவுக்கு வர வேண்டியிருந்தது. கழிவைத் தள்ளிவிடும் பேச்சு, கரைசலைத் திரும்பக் கேட்கும் பேச்சாக மாறியது. முதலாளிகள் தங்கள் தேவையை முதன்முதலாகத் தொழிலின் மொழியில் சொன்னது அங்கேதான் என்று நினைக்கிறேன். அரசின் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனும் அதன்பின்தான் பயன்பட்டது.

ஜாப் ஒர்க் செய்யும் சிறு ஆலைகளால் இந்தச் செலவைத் தாங்க முடியவில்லை என்ற குறை நியாயமானது. தாங்காதவர்கள் தொழிலை விட்டார்கள். கரைசலாக மீளாமல் கடைசியில் தேங்கும் கலப்பு உப்பும் சுத்திகரிப்பு நிலையங்களில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. இந்த இரண்டையும் ஆலைக்காரர் மட்டும் பேசித் தீர்க்க முடியாது. நிறத்தைத் தேர்ந்தெடுப்பவரும் கிலோவுக்கு என்ன தரலாம் என்று முடிவுசெய்பவரும் வெளிநாட்டு பையர்தான். உப்புக் கணக்கில் அவர் பங்கு என்ன என்று ஆர்டர் பேசும்போதே கேட்கத் திருப்பூர் தொடங்க வேண்டும்.