மெழுகு விரிசல்: குறை என்று சொல்வது யார்?

பாத்திக் துணியைக் கையில் எடுத்ததும் கண்ணில் படுவது அந்த விரிசல்கள்தான். பூவுக்கும் இலைக்கும் குறுக்கே நரம்பு நரம்பாய் ஓடும் கோடுகள். மெழுகு உடைந்த இடத்தில் சாயம் புகுந்து வந்தவை. குறையை ஏற்றுக்கொள், குறையும் அழகுதான் என்று கலைப்பயிற்சி வகுப்புகளில் இதைக் காட்டிச் சொல்கிறார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் குறையை அழகு என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, எப்போது கிடைத்தது? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

சாவகத்தில் பாத்திக் பெண்களின் கைவேலை. சின்னச் செம்புக் கிண்ணத்தில் மெல்லிய மூக்கு வைத்த 'சாந்திங்' என்ற கருவியில் உருகிய மெழுகை மொண்டு துணிமேல் கோடு இழுப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு கொதிநீரில் மெழுகை எடுத்துவிட்டு, அடுத்த நிறத்துக்கு மறுபடியும் மெழுகு. நல்ல துணி ஒன்று முடிய மாதக்கணக்காகும். மெழுகு வெடிக்காதபடி தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் பதம் பார்த்துக் கலப்பது அந்தப் பெண்களின் தொழிலறிவு. ஆகவே விரிசல் அவர்களுக்குக் குறைதான்.

சாவகத்தை ஆண்ட டச்சுக்காரர்களுக்கு இதில் லாபக் கணக்கு தெரிந்தது. இந்தப் பெண்கள் மாதக்கணக்கில் செய்வதை இயந்திரத்தில் அடித்து அவர்கள் ஊரிலேயே விற்றால் என்ன? 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹார்லெம் நகரத்து பிரெவினேர் ஆலை, துணியின் இரண்டு பக்கமும் பிசினை அச்சிடும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. ஹெல்மண்டில் 1846இல் தொடங்கிய ஆலையும் (இன்று ஃப்ளிஸ்கோ) இந்த வியாபாரத்தில் இறங்கியது. ஆனால் இயந்திரத்தில் பிசின் உடைந்தது. துணியெங்கும் விரிசல், புள்ளி. சாவகத்தார் இதை விரும்பவில்லை. அது மட்டும் காரணமல்ல. அங்கேயே செம்பு அச்சால் மெழுகு பதிக்கும் முறை பரவி உள்ளூர்த் துணி மலிவாகியிருந்தது.

அதே துணி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, இன்றைய கானா இருக்கும் கரைக்குப் போனது. அங்கே அந்த விரிசல் பிடித்துப்போனது. ஒரே அச்சுதான், ஆனாலும் ஒரு கெஜம் மாதிரி இன்னொரு கெஜம் இல்லை. சந்தையில் துணி விற்ற பெண்கள் ஒவ்வொரு அச்சுக்கும் பெயர் வைத்தார்கள், பழமொழி சேர்த்தார்கள். குறையாகக் கிடந்ததற்கு மதிப்பு உண்டாக்கியதில் பெரும்பங்கு இந்தக் கறுப்புப் பெண்களுடையது. ஆலை மட்டும் ஹாலந்தில் இருந்தது. பிற்பாடு வந்த மலிவுத் துணிகளில் மெழுகும் இல்லை பிசினும் இல்லை, விரிசல் கோட்டை மட்டும் அச்சடித்தார்கள். குறைக்கும் போலி வந்துவிட்டது!

நம் பக்கம் வருவோம். சோழமண்டலக் கரையின் சாயத்துணிகளிலும் அவுரி ஏறக்கூடாத இடத்தில் மெழுகு பூசும் வழக்கம் உண்டு. அந்தத் துணிகள் கப்பலேறிச் சாவகத்துக்கும் போயின. வணிகக் கணக்குகளில் துணிகளின் பெயர் இருக்கிறது. மெழுகு பூசிய கைகளுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் பாத்திக் வேறு வழியாக, கலையாக, இந்தியாவுக்கு வந்தது. 1927இல் தாகூர் சாவகம் போய் வந்தார், சாந்திநிகேதனில் பாத்திக் பரவியது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று சென்னைக்குத் தெற்கே அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், ஓவியம் விலைபோகாத நாட்களில் ஓவியர்களுக்குச் சோறு போட்டதில் பாத்திக்குக்கும் பங்குண்டு. இப்போது மெழுகு பூசிய துணியைக் கசக்கி, வேண்டுமென்றே விரிசல் உண்டாக்கக் கற்றுத்தருகிறார்கள். சாவகத்துப் பெண் வராமல் காத்தது இங்கே வரவழைக்கப்படுகிறது.

இதில் எனக்கு வருத்தமில்லை. கை நடுங்கும், மெழுகு சொட்டும், துணியில் மனுஷ உழைப்பு தெரியட்டும். ஆனா எங்க தெருப் பொண்ணுங்க பனியன் கம்பெனிக்குப் போறாங்க. என் தங்கச்சியும் போனா. ஒரு தையல் கோணினா 'டேமேஜ்'னு தூக்கி வீசுவான் சூப்பர்வைசர். சனிக்கிழமை சம்பளத்துல அதுக்குப் பிடிப்பான். "பன்னெண்டு மணி நேரம் நின்னா கை கோணாம என்னண்ணே செய்யும்?" என்று அவள் கேட்டாள். அந்தக் கோணலை யாரும் அழகு என்று சொல்லவில்லை.

கையெழுத்துப் போட்ட ஓவியனின் விரிசல் கலை. கூலிக்காரியின் கோணல் நஷ்டம். நம் கையையே குறை என்றும் தீட்டு என்றும் சொல்லிவந்த சமூகத்துக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. குறையை ஏற்கச் சொல்லும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான்: அதைக் கூலி போடும் மேசையிலும் வந்து சொல்லுங்கள். சாவகத்துச் சாந்திங் பிடித்த பெண்ணின் கையிலிருந்து தொடங்கி இந்த வரலாற்றை நம் மாணவர்கள் எழுத வேண்டும். சாயப்பட்டறையிலும் தையல் கூடத்திலும் இருக்கிற நம் ஆட்களிடம் போய் உட்கார்ந்து கேட்டால் பாதி வரலாறு அங்கேயே கிடைக்கும்.