ஒரே ஒரு எழுத்து மாறினா பெயர் நம்மளோடதா? சிஃபி வழக்கு சொல்வது என்ன?

சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, தன் பெயரின் எழுத்துகளைக் கோத்து உருவாக்கிய சொல் 'சிஃபி'. 1999-ல் 'சிஃபிநெட் டாட் காம்' உள்ளிட்ட இணைய முகவரிகளைப் பதிவு செய்தது. பின்னர் வேறொரு நிறுவனம், ஆங்கிலத்தில் கூடுதலாக ஒரு 'எஃப்' சேர்த்து முகவரி வாங்கியது.

பெங்களூரு சிவில் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை மீண்டும் கொண்டுவந்தது. இணைய முகவரிக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்றது.

அப்போ சின்ன வியாபாரிங்க என்ன செய்யணும்? டொமைன் வாங்கினா மட்டும் போதாது. டிரேட்மார்க்கையும் பதிவு செஞ்சு, 10 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும்.

ஊர்ப் பெயர் விஷயம் வேற. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' எந்தத் தனிக்கடைக்கும் சொந்தமில்லை.