பள்ளி வாசிப்பு விழா (பினாங்கு)

பாடநூலுக்கு வெளியே உள்ள நூல்களின் பக்கம் மாணவரை ஈர்ப்பதற்காகப் பள்ளி நடத்தும் நிகழ்ச்சி, வாசிப்பு விழா. காலைச் சபைகூடலில் அரை மணி நேரத்தில் முடிவதும் உண்டு, வாரக்கணக்கில் நீள்வதும் உண்டு. கதை சொல்லும் போட்டி, நூல் கண்காட்சி, கதைமாந்தர் வேடம், எழுத்தாளர் சந்திப்பு, நூல் பரிமாற்றம் ஆகியவை இதன் வழக்கமான உறுப்புகள். மலேசியப் பள்ளிகளில் இதைத் திட்டமிடும் பொறுப்பு பெரும்பாலும் பள்ளி வள மையத்துக்கும் அதைக் கவனிக்கும் ஆசிரியருக்கும் உரியது. பணத்துக்கும் ஆள்பலத்துக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் துணை நிற்கும்.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பெரும்பாலானவை கடலுக்கு அப்பால் செபராங் பிறையில் இருக்கின்றன. தீவில் இருப்பவை குறைவு. மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாறு தொடங்குவதோ தீவில்தான். ஆங்கிலேயப் பாதிரியார் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் 1816 அக்டோபர் 21இல் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பே நாட்டின் முதல் தமிழ் வகுப்பாகக் கொள்ளப்படுகிறது. அதன் இருநூறாம் ஆண்டு 2016இல் நாடெங்கும் கொண்டாடப்பட்டது.

நிலாம் திட்டமும் பதிவேடும்

மலேசியாவில் பள்ளி வாசிப்பு என்றாலே நிலாம் திட்டம் நினைவுக்கு வரும். கல்வி அமைச்சு 1990களின் இறுதியில் தொடங்கிய இத்திட்டத்தில், மாணவர் தாம் படித்த நூலின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், சுருக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவார். எண்ணிக்கை ஏற ஏற அங்கீகாரமும் உயரும். பின்னாளில் இப்பதிவு ஆய்ன்ஸ் என்னும் இணைய அமைப்புக்கு மாறியது. தமிழ்ப்பள்ளி மாணவர் மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்று மொழி நூல்களையும் இதில் பதியலாம்.

ஒரு குழந்தை என்ன படித்தது என்று ஆசிரியர் அறிய இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் எண்ணிக்கை இலக்காகிவிட்டால், தடித்த நூலை விட்டுவிட்டு மெல்லிய நூலை எடுக்கவே குழந்தை கற்றுக்கொள்ளும். படிக்காத நூலுக்கும் சுருக்கம் எழுதிவிடலாம் என்பதை அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிகம் பதிந்தவருக்கு மேடையில் கோப்பை வழங்குவதோடு வாசிப்பு விழா முடிந்தால் அது பதிவேட்டுக்கு எடுத்த விழாவாகத்தான் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான வழி ஜப்பானில் தோன்றியது. சிபா மாநிலத்தில் ஃபுனபாஷி கக்குவென் என்னும் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஹயாஷி ஹிரோஷி என்ற ஆசிரியர் 1988இல் காலை வாசிப்பைத் தொடங்கினார். பாடம் தொடங்குமுன் பத்து நிமிடம். அதற்கு நான்கே விதிகள்: எல்லோரும் படிக்க வேண்டும், நாள்தோறும் படிக்க வேண்டும், பிடித்த நூலைப் படிக்கலாம், படித்தால் மட்டும் போதும். கடைசி விதியில்தான் எல்லாம் இருக்கிறது. சுருக்கமும் கேட்கப்படாது, மதிப்பெண்ணும் கிடையாது. எல்லோரும் என்பதில் ஆசிரியரும் அடக்கம். ஆயிரக்கணக்கான ஜப்பானியப் பள்ளிகளுக்கு இவ்வழக்கம் பரவியது. மலேசியத் தேசிய நூலகம் முன்னெடுக்கும் பத்து நிமிடக் கூட்டு வாசிப்பு இதற்கு உறவுடையது என்றாலும், அது ஆண்டில் ஒரு நாள் நடப்பது.

பரிசு

விழாத் திட்டத்தில் அதிகம் விவாதிக்கப்பட வேண்டியதும், பெரும்பாலும் விவாதமின்றி முடிவாவதும் பரிசுதான். பரிசு ஆர்வத்தைக் குறைக்கவும் கூடும் என்பதை 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் காட்டினர். படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள சிறுவருக்கு, வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என முன்கூட்டியே சொல்லப்பட்டது. பின்னர் விளையாட்டு நேரத்தில் அவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம், பரிசை எதிர்பாராமல் வரைந்தவர்கள் செலவிட்டதில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது.

இதை வாசிப்புக்குக் கொண்டுவந்தவர்கள் பார்பரா மரினாக்கும் லிண்டா கேம்பிரெல்லும். மூன்றாம் வகுப்பு மாணவரிடம் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், சிறு பரிசுப் பொருள் பெற்றவர்களைவிட, நூலையே பரிசாகப் பெற்றவர்களும் ஒன்றும் பெறாதவர்களும் வாசிப்பில் கூடுதல் நாட்டம் காட்டினர். கோப்பைக்கும் பென்சில் பெட்டிக்கும் போகும் பணத்தை நூலுக்குத் திருப்புவதால் செலவு கூடாது. நூலைப் பெறும் மாணவரே அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் இன்னும் நல்லது.

நூல்கள்

விழாவின் வெற்றி அன்றைய நிகழ்ச்சி நிரலைவிட, மறுநாள் பிள்ளைகள் எடுத்துப் போக அலமாரியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தமிழ்ச் சிறுவர் நூல்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்தே வருகிறது. கப்பலில் வரும் நூலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஆகவே விழா நாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பட்டியல் தயாராக வேண்டும். நன்கொடையாக வரும் வீட்டு நூல்களைப் பார்த்து வாங்குவதும் தேவை. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பதிப்புகளில் ‘லை’, ‘ணை’ போன்ற எழுத்துகளின் பழைய வடிவம் இன்றைய குழந்தையைத் திணற வைக்கும்.

இறக்குமதி நூலில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஏரி, மடை, மார்கழிக் குளிர் என்று போகும் கதை, ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமாக இருக்கும் தீவில் வளரும் பிள்ளைக்கு உடனே பிடிபடாது. ஆசிரியர் முதல் சில பக்கங்களை உரக்கப் படித்துக் காட்டினாலே பாதித் தடை நீங்கிவிடும்.

நிதி குறைந்த பள்ளிக்கு ஸ்டோரிவீவர் நல்ல துணை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய இத்தளத்திலுள்ள தமிழ்க் கதைகளைக் கட்டணமின்றி இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம், உள்ளூர் வழக்குக்கு ஏற்ப மாற்றவும் உரிமம் இடம் தருகிறது. வகைப்படுத்தலுக்குத் தமிழ்நாட்டின் வாசிப்பு இயக்கத்தைப் பார்க்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் அந்த நூல்வரிசை வகுப்பைப் பார்க்காமல் வாசிப்புத் திறனைப் பார்த்து நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஐந்தாம் ஆண்டு மாணவர் ‘நட’ நூலை எடுத்தாலும் கேலிக்கு ஆளாக வேண்டியதில்லை.

நாளும் இடமும்

யுனெஸ்கோ 1995இல் அறிவித்த உலக நூல் நாளான ஏப்ரல் 23 பலரும் தேர்ந்தெடுக்கும் நாள். கோலாலம்பூர் 2020ஆம் ஆண்டின் உலக நூல் தலைநகரானபின் அந்நாளுக்கு மலேசியாவில் கவனம் கூடியது. 2021 முதல் 2030 வரையிலான காலம் தேசிய வாசிப்புப் பத்தாண்டு எனவும் அறிவிக்கப்பட்டுள்ளது. ஆறாம் ஆண்டு மாணவரை ஆண்டின் பாதிக்குமேல் கட்டிப்போட்டிருந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் கைவிடப்பட்டதால் நாள் குறிப்பது எளிதாகியுள்ளது. ஜூலை 7 பினாங்கில் பாரம்பரிய நாள் விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

வெளியே அழைத்துச் செல்ல விரும்பும் பள்ளிகளுக்கு கிரீன் லேனில், இன்றைய பினாங்கு ஃபிரீ ஸ்கூலை ஒட்டி, 2016இல் திறக்கப்பட்ட பினாங்கு மின்னிலக்க நூலகம் உண்டு. அங்கே அச்சு நூல்களைத் தேடக் கூடாது, எல்லாம் திரையில்தான். 2011 முதல் நடந்துவரும் ஜார்ஜ் டவுன் இலக்கிய விழா 2018இல் லண்டன் புத்தகக் கண்காட்சியின் விருதைப் பெற்றது. எழுத்தாளர் ஒருவரை மாணவர் நேரில் காண அது நல்ல வாய்ப்பு, பெரிய வகுப்புகளுக்குத்தான் பொருந்தும் என்றாலும்.

ஆறாம் ஆண்டு

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன்பின் மாணவர் சேரும் தேசிய இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே இருக்கும், சில இடங்களில் வழக்கமான பாடவேளைக்கு வெளியே நடக்கும். அதுவரை தமிழ் நூல் கிடைத்துவந்த அலமாரி அப்பிள்ளைகளுக்கு இல்லாமல் போகிறது. இவர்களுக்கென விழாவில் தனியாக ஏதும் திட்டமிடப்படுவது அரிது, தேவை அதிகமுள்ளவர்கள் இவர்களே. ஆண்டு இறுதிக்கு முன் இவர்களைப் பொது நூலகக் கழகத்தில் உறுப்பினராக்கிவிடலாம். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகும் பழைய பள்ளியின் வள மையத்தில் நூல் எடுக்க முன்னாள் மாணவருக்கு மாதம் ஒரு சனிக்கிழமை இடம் தரலாம். சாவி வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவரும் தனி இரவல் பதிவேடும் இருந்தால் போதும்.